எழுதப்படாத சாமிக்கு எந்த நூல் சாட்சி?

ஆனந்த மார்க்கம் என்ற ஆன்மிக அமைப்பு 1955-ல் பீகாரில் தொடங்கியது. 1966-ல் அதன் குரு ஆனந்தமூர்த்தி, தாண்டவம் ஆடுவதைச் சீடர்களுக்குச் சமயக் கடமையாக விதித்தார். மண்டையோடும் கத்தியும் சூலமும் ஏந்தி வீதியில் ஆடிச் செல்ல கல்கத்தா போலீஸ் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1983-ல் வந்த தீர்ப்பு அவர்களுக்கு எதிரானது. அமைப்பு பிறந்து 11 ஆண்டு கழித்து வந்த தாண்டவத்தை அதன் இன்றியமையாத அங்கமாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். பொது இடத்தில் ஆடியே ஆக வேண்டும் என்று ஆனந்தமூர்த்தியின் எழுத்துகளில் எங்கும் இல்லை என்பதையும் எடுத்துக்காட்டியது.

சரி, எழுத்தில் இல்லை என்பதுதானே குறை? 1986-ல் அவர்களுடைய நடைமுறை நூலான சர்யாசர்யாவின் திருத்திய பதிப்பில் பொது இடத் தாண்டவமும் விதியாகச் சேர்ந்தது. மறுபடியும் வழக்கு. கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2004-ல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அதையும் தள்ளியது: பின்னால் சேர்த்த ஒன்று ஒரு சமயத்தின் மையமாகிவிடாது என்று. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர், தமிழரான நீதிபதி ஏ.ஆர்.லட்சுமணன்.

இந்த வழக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மத நம்பிக்கை என்பது புனித நூலிலிருந்தும் அதன் விளக்கத்திலிருந்தும் பிறக்கிறதா, அல்லது அவை இல்லாமலும் நிற்குமா என்ற கேள்வியைப் பொதுவாக நாம் தத்துவக் கேள்வியாக நினைக்கிறோம். இந்தியாவில் அது அன்றாடக் கேள்வி. ஒரு வழக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா, ஒரு கோயிலில் யார் பூசை செய்யலாம், ஒரு ஊர் தன் சாமிக்குக் கிடா வெட்டலாமா என்பதெல்லாம் கடைசியில் "எங்கே எழுதியிருக்கிறது?" என்ற இடத்தில்தான் வந்து நிற்கின்றன. நம்பிக்கை நூலைச் சார்ந்ததல்ல என்பது என் கருத்து. ஆனால் இந்தக் கேள்வியை அரசும் நீதிமன்றமும் திரும்பத் திரும்பக் கேட்பதால், நூல் இல்லாத நம்பிக்கைகள் மெல்ல மெல்ல நூல் தேட ஆரம்பித்திருக்கின்றன. அந்த மாற்றம்தான் நம் கவனத்துக்கு வராமல் நடக்கிறது.

கேள்வி எப்படித் தொடங்கியது என்று பார்க்கலாம். அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் அம்பேத்கர் பேசும்போது, இந்நாட்டில் மதம் பிறப்பு முதல் இறப்பு வரை வாழ்வின் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது, ஆகவே மதம் என்று ஏற்பதை உண்மையிலேயே மதத் தன்மை கொண்ட நம்பிக்கைகளுக்கும் சடங்குகளுக்கும் சுருக்க வேண்டும் என்றார். அவருடைய கவலை சொத்துரிமை, வாரிசுரிமை போன்றவற்றை மதத்தின் பிடியிலிருந்து விடுவிப்பது. 1954-ல் உடுப்பியின் சிரூர் மடம் வழக்கில் (அப்போது அந்தப் பகுதி சென்னை மாநிலத்தில் இருந்தது) உச்ச நீதிமன்றம் ஒரு தாராளமான நிலையை எடுத்தது. மதம் வெறும் கொள்கை மட்டுமல்ல. சடங்கும் அனுஷ்டானமும், உணவும் உடையும்கூட அதற்குள் அடங்கலாம் என்றது. எது இன்றியமையாதது, அதாவது சட்டப் பாதுகாப்புக்கு உரியது, என்பதை அந்தச் சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்றது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோட்பாடுகளை நீதிபதி எங்கே போய்த் தேடுவார்? நூலகத்தில்தான். நான்கே ஆண்டில் அது தெரிந்துவிட்டது. பக்ரீத் அன்று மாடு பலியிடுவது பற்றிய 1958 வழக்கில், நீதிமன்றம் குர்ஆன் வசனங்களையும் 'ஹிதாயா' என்ற சட்ட நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் புரட்டியது. ஒருவருக்கு ஓர் ஆடு, ஏழு பேருக்கு ஒரு மாடோ ஒட்டகமோ என்று விருப்பத் தேர்வு அதில் இருந்தது. விருப்பத் தேர்வு இருப்பதால் மாடு கட்டாயம் அல்ல என்று முடிவானது. ஏழு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு மாடு வாங்க முடியும், ஏழு ஆடு வாங்க வசதி இருக்காது என்ற வாழ்க்கைக் கணக்கு மனுதாரர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. நூலின் முன்னால் அது எடுபடவில்லை. 1961-ல் அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர் இன்னும் ஒரு படி மேலே போனார்: மூடநம்பிக்கையிலிருந்து முளைத்து, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்றார். எது மூலம், எது ஒட்டு என்று பிரிக்கும் வேலை அதோடு நீதிபதியிடம் வந்து சேர்ந்தது.

இதே கஜேந்திரகட்கர்தான் 1966-ல் சுவாமிநாராயண் சத்சங்கிகள் வழக்கில் இந்து சமயத்தை வரையறுக்க முனைந்தார். ஒரே தீர்க்கதரிசி இல்லை, ஒரே கடவுள் இல்லை, ஒரே கோட்பாடு இல்லை என்று அழகாகத் தொடங்கி, கடைசியில் திலகரின் சூத்திரத்துக்கு வந்து சேர்ந்தார். அதன் முதல் அடையாளம், வேதங்களை மரியாதையோடு ஏற்பது. அந்த வரையறையைக் கையில் எடுத்துக்கொண்டு தாமிரபரணிக் கரைக்கு வந்தால் என்ன ஆகும்?

பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது. அங்கே பட்டவராயன் சன்னிதியில் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கட்டிய செருப்பு சில நாளில் தேய்ந்திருக்கும், சாமி போட்டுக்கொண்டு காட்டில் நடந்திருக்கிறது என்பார்கள். பட்டவராயன் யார்? முத்துப்பட்டன் என்ற பிராமணன். செருப்புத் தைக்கும் குலத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரிகளை மணந்து, தன் குலத்தை விட்டு அவர்கள் குலத்தொழிலை ஏற்று, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் செத்தவன். இந்தக் கதை கோயில் பூசை முறைகளைச் சொல்லும் ஆகமத்தில் இல்லை, வேதத்தில் இருக்கவே முடியாது. வில்லுப்பாட்டில் இருக்கிறது. அதைப் பாடுகிறவர்களின் தொண்டையில் இருக்கிறது.

சுடலைமாடனும் அப்படித்தான். கைலாயத்து விளக்கிலிருந்து பிறந்து, சுடுகாட்டுப் பிணத்தைத் தின்று, மலையாளக்கரைக்குப் போய் மந்திரவாதியோடு மோதிய கதையை நெல்லைப் பக்கத்துக் கொடை விழாக்களில் விடிய விடியக் கேட்கலாம். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோற்கருவியை அடித்துப் பாடுவதும் அதே சாமியின் கதையைத்தான். ஆனால் இந்த ஊரில் கேட்ட கதை பக்கத்து ஊரில் அப்படியே இருக்காது. ஊருக்கு ஊர் ஒரு கிளைக்கதை கூடும், குறையும். அதனால் யாருடைய நம்பிக்கையும் ஆட்டம் காணவில்லை. எந்தப் பிரதி சரி என்று கொடையில் யாரும் சண்டை போடுவதில்லை. வரி விட்டுப்போனதா, மரியாதை யாருக்கு, கிடா யார் வகையறாவுடையது என்பவற்றுக்குத்தான் சண்டை வரும்.

அப்படியானால் நம்பிக்கை எதைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தாண்டுகிறது? பிடிமண்ணைப் பாருங்கள். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகும் குடும்பம், குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் போய்ப் புதிய ஊரில் வைத்துக் கும்பிடத் தொடங்கும். அங்கே சாமி வந்துவிட்டது என்பதற்கு மண்ணே போதும். அப்புறம் பூக்கட்டிப் பார்த்தல். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே காகிதத்தில் மடித்துப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லி, சாமியின் உத்தரவைக் கேட்பது. காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை முருகன் கோயிலில் இது ஒரு நிலையான ஏற்பாடாகவே இருக்கிறது. யாரோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்கிறார். பூப்போட்டுக் கேட்டு உறுதியானால், அந்தப் பொருள் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைக்கப்படுகிறது. அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கும். மண்ணோ, நீரோ, துப்பாக்கியோ, நெல்லோ எதுவும் வரலாம். தெய்வம் இன்றைக்கும் நேரடியாகப் பேசுகிறது என்ற நம்பிக்கை அது. சாமியாடி மேல் சாமி இறங்கிக் குறி சொல்லும் இடத்தில், பழைய நூலுக்கு விளக்கம் சொல்ல யாரும் தேவைப்படுவதில்லை.

இதைக் கேட்கும் சிலர், "அது பாமர மக்களின் வழிபாடு, பெரிய மரபுகள் நூலில்தானே நிற்கின்றன" என்பார்கள். பெரிய மரபுகளின் உள்ளேயே போய்ப் பார்த்தாலும் நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை. வேதம் பல நூற்றாண்டுகள் எழுதாமலே காதால் கேட்டுக் காப்பாற்றப்பட்டது. குறுந்தொகைப் பாட்டு ஒன்று (156) பார்ப்பன மகனைப் பார்த்து 'எழுதாக் கற்பு' என்று அதைத்தான் சொல்கிறது. சைவத்தில் தேவாரப் பதிகங்கள் மறைந்து போய், ராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி வழியாகத் தில்லையில் செல்லரித்த ஏடுகளாகக் கிடைத்தன என்பது திருமுறை கண்ட புராணம் சொல்லும் வரலாறு. அந்த வரலாற்றை அப்படியே எடுத்துக்கொண்டால்கூட, ஏடு அறைக்குள் பூட்டிக் கிடந்த காலத்திலும் சிவனைக் கும்பிடுவது நிற்கவில்லையே.

கண்ணப்பர் கதைக்கு இங்கே ஒரு தனி இடம் உண்டு. காளத்தி மலையில் சிவகோசரியார் ஆகம முறைப்படி பூசை செய்கிறார். வேடன் திண்ணனோ வாயில் கொண்டுவந்த நீரை உமிழ்ந்து அபிஷேகம் செய்கிறான், கடித்துச் சுவை பார்த்த பன்றி இறைச்சியைப் படைக்கிறான், முந்தின நாள் பூவைச் செருப்புக் காலால் தள்ளுகிறான். சிவகோசரியார் பதறுகிறார். இறைவன் அவர் கனவில் வந்து, அவன் உமிழும் நீர் கங்கையை விடத் தூயது என்கிறான். 12-ஆம் நூற்றாண்டில் சோழ அரசின் உயர் பதவியில் இருந்த சேக்கிழார், சைவத்தின் திருமுறை நூலுக்குள்ளேயே இதை வைத்தார். நூலறியாத ஒருவனின் அன்பை நூலே தன்னைவிட மேலே தூக்கி வைத்த இடம் இது. தமிழ்ச் சைவத்தில் இந்தக் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதே சமயம், கண்ணப்பரைப் பற்றி நமக்குத் தெரிவதே அந்த நூல் வழியாகத்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. நூல் நம்பிக்கையைப் பிறப்பிக்காவிட்டாலும், அதைத் தூரத்துக்குக் கொண்டு போகிறது.

நூல் ஒன்றாகவே இருந்தாலும் நம்பிக்கை ஒன்றாகிவிடுவதில்லை என்பதற்குக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் போதும். வைணவத்தின் இரு பிரிவுகளான வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் அதே நாலாயிரம் பாசுரம், அதே ராமானுசர். ஆனால் பாராயணத்தைத் தொடங்கும்போது ஸ்ரீசைலேச தயாபாத்ரம் என்ற குரு வணக்கத்தைச் சொல்வதா, ராமானுஜ தயாபாத்ரம் என்ற வணக்கத்தைச் சொல்வதா என்று தலைமுறை தலைமுறையாக நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். இவர்களைப் பிரிப்பது குருபரம்பரையும், கற்ற விதமும், வளர்ந்த வீதியும்.

இனி, நூல் கேட்கும் பழக்கத்தால் யாருக்கு என்ன இழப்பு என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கோயில்களில் விலங்கு, பறவை பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-லேயே வந்தது. அரை நூற்றாண்டு அது தூங்கியது. 2003-ல் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னபோது கிராமங்கள் அதிர்ந்தன. கருப்பனுக்கும் முனியாண்டிக்கும் கிடா வெட்டாமல் நேர்த்திக்கடனை எப்படி முடிப்பது? எதிர்ப்பு பலமாக வந்ததும் அடுத்த ஆண்டே சட்டம் நீக்கப்பட்டது. பலியை எதிர்த்தவர்களில் ஒரு பகுதியினர் அது உண்மையான இந்து சமயம் அல்ல என்று வாதிட்டார்கள். வேள்வியில் விலங்கைப் பலியிடும் முறையை வேதத்தின் பகுதியான 'பிராமணங்கள்' என்ற நூல்கள் விரிவாகவே சொல்கின்றன என்பது வேறு விஷயம். நூலிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்பதை எடுப்பவர்தான் முடிவு செய்கிறார். கிராமமோ இந்தச் சிக்கலைத் தன் வழியில் எப்போதோ தீர்த்துவிட்டது. அய்யனார் சைவச் சாமி. கருப்பனுக்குக் கிடா வெட்டும்போது அய்யனாருக்கு முன்னால் திரை போட்டுவிடுவார்கள். இரண்டு நெறிகளும் ஒரே வளாகத்தில் ஒன்றையொன்று மதித்து இருக்க ஒரு துணி போதுமாக இருந்தது.

அர்ச்சகர் விவகாரம் இன்னும் கூர்மையானது. 1970-ல் கருணாநிதி அரசு வாரிசு அர்ச்சகர் முறையை ஒழித்தது. 1972-ல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றது. ஆனால் ஆகமம் சொல்லும் பிரிவினர் அல்லாதவர் தொட்டால் மூர்த்தி தீட்டாகும் என்ற விதியைத் தாண்டி அரசு நியமிக்காது என்ற உறுதியின் மேல்தான் அந்த ஏற்பு நின்றது. பிறகு 2015 தீர்ப்பு, 2021 ஆகஸ்டில் பல சாதிகளைச் சேர்ந்த பயிற்சி பெற்றவர்களுக்கு நியமனம், 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறியக் குழு அமைக்கச் சொன்னது என்று போய்க்கொண்டிருக்கிறது. எல்லாமே ஆகமத்தைச் சுற்றித்தான். அறநிலையத் துறையின் கீழ் 40,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மண்குதிரை செய்யும் வேளார்களே அய்யனாருக்குப் பூசாரிகள். அந்த மரபில் 'அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாமா' என்ற கேள்வி வேறு வடிவில் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் அரசுக் கோப்பில் அவை 'ஆகமம் அல்லாத' கோயில்கள். தங்களுக்கென்று உள்ளதால் அல்லாமல், இல்லாததால் அடையாளம் பெறுகின்றன. இதைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் வசதி வந்த ஊர்கள் சிவாச்சாரியார்களை அழைத்துக் கும்பாபிஷேகம் நடத்துகின்றன. வெட்டவெளியில் நின்ற சாமிக்கு விமானம் எழும்புகிறது. கிடா வெட்டு ஊர் எல்லைக்குத் தள்ளிப் போகிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நூலுள்ள சாமிக்குத்தான் மதிப்பு என்ற எண்ணம் அந்த வேலையைச் செய்கிறது.

சமணர்களின் சல்லேகனைக்கு நேர்ந்தது இன்னும் வியப்பானது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், உண்ணா நோன்பிருந்து உயிர் விடும் சந்தாரா (சல்லேகனையின் இன்னொரு பெயர்) சமணத்தின் இன்றியமையாத அங்கம் என்று நிறுவப்படவில்லை, அது தற்கொலைக்குச் சமம் என்றது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாமல் நோற்று உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியருக்குப் பாறையில் வெட்டிய நிசீதிகை என்ற நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டளவில் பொறித்தது. ஒரு வழக்கம் ஒரு சமயத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு நூல் வரியைவிடவும் இது வலுவான சாட்சி என்று நினைக்கிறேன். அதற்காக அந்த நோன்பு இன்று சட்டப்படி சரியா என்ற கேள்வி தீர்ந்துவிடாது. அது உயிர் பற்றிய, வற்புறுத்தல் பற்றிய கேள்வி. அதை அப்படியே நேராகக் கேட்க வேண்டும். "உன் நூலில் இல்லை, ஆகவே இது உன் மதம் இல்லை" என்று சுற்றி வந்து கேட்கக் கூடாது.

நூலைக் கேட்பதால் நன்மையே இல்லையா? உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017-ல் உடனடி முத்தலாக் செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது, நீதிபதி குரியன் ஜோசப் குர்ஆனையே அடிப்படையாகக் கொண்டார்: குர்ஆனுக்கு முரணானது ஷரீஅத்தில் நல்லதாக இருக்க முடியாது என்று. நூற்றாண்டுகளாக நிலைத்த வழக்கம் என்று அதைக் காக்க நினைத்தது சிறுபான்மைத் தீர்ப்பு. அங்கே நூல் பெண்களுக்குக் கைகொடுத்தது, வழக்கம் கொடுக்கவில்லை. நூல் இல்லாத வழக்கம் எல்லாம் தூய்மையானது என்று யாராவது சொன்னால் நம் ஊர்களின் தேர் ஓடாத தெருக்களைக் காட்டலாம். 1939-ல் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனபோது, எதிர்த்தவர்கள் ஆகமத்தையும் காட்டினார்கள், வழக்கத்தையும் காட்டினார்கள். இரண்டையும் மீறித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. மீனாட்சி தங்களுக்கும் தாய் என்ற நம்பிக்கைக்கு உள்ளே போனவர்கள் சுலோகம் காட்டவில்லை.

இதற்கு ஒரு மாற்று வழியை நம் உச்ச நீதிமன்றமே 1986-ல் காட்டியிருக்கிறது. கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி வெளியேற்றியது. நீதிபதி சின்னப்ப ரெட்டி, அந்த நம்பிக்கை நம் அறிவுக்குப் பிடிக்கிறதா என்பது கேள்வியே அல்ல, அது உண்மையாகவும் மனச்சாட்சியோடும் கொண்டதா என்பதே கேள்வி என்று சொல்லிப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். நம்பிக்கையின் உண்மையை அதைக் கொண்டிருப்பவரிடம் தேடிய தீர்ப்பு அது. அப்படிப் பார்த்தால் இரண்டு கேள்விகள் போதும். இது நெஞ்சறிய நம்பப்படுகிறதா? இதனால் இன்னொருவரின் உயிருக்கோ, மானத்துக்கோ, சம உரிமைக்கோ கேடு வருகிறதா? முதல் கேள்விக்குச் சாமியாடியும் பூசாரியும் சாட்சி சொல்லலாம். இரண்டாவதற்கு அரசமைப்புச் சட்டம் பதில் சொல்லும். தீண்டாமையை நூலில் காட்டினாலும் அது இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடும். 2018 சபரிமலை தீர்ப்புக்குப் பிறகு, 2019-ல் பெரிய அமர்வுக்கு அனுப்பிய விஷயங்களில், எது இன்றியமையாதது என்று முடிவு செய்ய நீதிமன்றத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதும் ஒன்று. அதற்கு இந்த இரண்டு கேள்விகளின் வழியில் பதில் வர வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஆகமக் கோயில்களைப் பட்டியலிடும் அதே அக்கறையோடு, மற்றக் கோயில்களின் முறைகளையும் அவற்றின் பூசாரிகள், சாமியாடிகள், வில்லுப்பாட்டுக்காரர்கள் வாயால் கேட்டுப் பதிவு செய்யலாம். அதில் ஒரு ஆபத்தும் உண்டு: இன்று எழுதியது நாளைக்கு விதியாகி, அடுத்த ஊர்க் கதையைத் தவறு என்று சொல்லத் தொடங்கும். அதனால் ஒரே சாமிக்கு உள்ள எல்லாக் கதைகளையும், எந்த ஊரில் யார் எந்த ஆண்டில் சொன்னது என்ற குறிப்போடு, பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். எந்தப் பிரதியையும் மூலம் என்று அறிவிக்காமல் விட வேண்டும்.